‘நம்ம ஊர்ப் படம்’ என்பது ஒரு காரணமா?

நண்பர்களுக்குப் பார்க்கக் கொடுக்க உங்கள் வாழ்நாள் படம் எது என்று காவிரிப் படுகைக்காரர் ஒருவரிடம் கேட்டால், அதிகம் யோசிக்காமலே வந்து விழுகிற பெயர் ‘தில்லானா மோகனாம்பாள்’. ஏன் என்று கேட்டால் பதிலும் அதே வேகத்தில் வரும்: “நம்ம ஊர்ப் படங்க, நம்ம மண்ணு.” அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொருவர் வேறு படம் சொன்னால் அவர் மண் அவருக்கு, நம் மண் நமக்கு. சண்டையும் இல்லை, விவாதமும் இல்லை. கேட்பதற்கு நாகரிகமாக இருக்கிற இந்தப் பேச்சில் இரண்டு தவறுகள் சேர்ந்து குடியிருக்கின்றன. ஒரு படம் நம் ஊரைக் காட்டுவதால் அது நம் வாழ்நாள் படமாகிவிடும் என்பது ஒன்று. பிடித்த படத்துக்குக் காரணம் கேட்பதே அநாகரிகம் என்பது மற்றொன்று. பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. தமிழில் நண்பர்கள் முன்னால் துணிந்து வைக்கக்கூடிய படங்களில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஒன்று என்பதில் சந்தேகமும் இல்லை. ஆனால் அதற்காக நாம் சொல்லிவருகிற காரணம் பொய். அந்தப் பொய்க் காரணம் படத்தின் உண்மையான பெருமையையே மறைத்துக்கொண்டு நிற்கிறது.

முதலில் மண் கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம். சிக்கல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிங்காரவேலர் இருக்கிற ஊர். கதாநாயகி திருவாரூர்க்காரி. கதையின் உச்சமான போட்டி நடப்பதும் திருவாரூரில். நாயகன் கையிலிருக்கும் வாத்தியம் நாகஸ்வரம். அதை ஆச்சா மரத்தில் கடைகிற நரசிங்கம்பேட்டை கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் இருக்கிறது, 2022-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதன் வாயில் பொருத்துகிற சீவாளிக்குக் காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டை வேண்டும். தலைப்பிலிருக்கும் தில்லானாவுக்கு நாட்டியக் கச்சேரியின் கடைசியில் இடம் கொடுத்து, அலாரிப்பிலிருந்து தொடங்கும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள், இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் இதைத் தொடராக எழுதியபோது படம் வரைந்த கோபுலு தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். இத்தனையும் உண்மை. இவற்றை அடுக்கிவைத்துவிட்டு ஒருவர் ‘இது எங்கள் படம்’ என்று சொன்னால் எளிதில் மறுக்க முடியாதுதான்.

ஆனால் கேமராவுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களைப் பாருங்கள். இயக்கிய ஏ.பி. நாகராஜன் சேலம் சீமைக்காரர். இசையமைத்த கே.வி. மகாதேவன் நாகர்கோவில் பக்கம். சிவாஜி கணேசன் பிறந்தது விழுப்புரத்தில். பத்மினி திருவனந்தபுரம். தவில்காரராக வந்து படத்தின் பாதியைத் தன் முகத்தாலேயே அள்ளிக்கொண்டு போகிற டி.எஸ். பாலையா திருநெல்வேலிச் சீமை; சவடால் வைத்தியாக வரும் நாகேஷ் தாராபுரம். எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்கல் வித்வானின் நாகஸ்வரம் என்று நாம் கேட்டு உருகுகிற நாதம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. சிக்கல்காரர் வாயில் மதுரை ஊதுகிறது! பிரதான நடிகர்களில் உண்மையாகவே இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தவர் மன்னார்குடி மனோரமா. அவருக்குக் கொடுக்கப்பட்டதோ வித்வத்துக்குச் சம்பந்தமில்லாத நாடகக் கொட்டகை ஜில் ஜில் ரமாமணி வேடம். அவரும் வளர்ந்தது செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். படத்தின் பெரும்பகுதி சென்னை ஸ்டுடியோக்களில் போட்ட அரங்குகளில் எடுக்கப்பட்டது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. மண்தான் இந்தப் படத்தைச் செய்தது என்றால், வேறு வேறு மண்ணிலிருந்து வந்த இத்தனை பேர் அதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்கிறேன். சிவாஜி நாகஸ்வரம் வாசிக்கவில்லை. ஆனால் மூச்சை எங்கே இழுப்பது, எந்தச் சங்கதியில் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும், எந்த இடத்தில் விரல் துளையை முழுக்க மூடாமல் பாதியில் நிற்க வேண்டும் என்று கவனித்துக் கற்றிருக்கிறார். அது பிறப்பால் வந்த வாசனை இல்லை, உழைப்பால் வந்த தேர்ச்சி. பத்மினியின் ஆட்டத்தில் தஞ்சை மரபு தெரிகிறதென்றால், அவர் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம் பாடம் கற்றதால் தெரிகிறது. மரபு இரத்தத்தில் ஓடி வருவதில்லை, வாத்தியாரிடமிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இன்னொரு கால முரணும் உண்டு. ஒரு படத்தை ‘மண்வாசனை’ என்று சொல்லிப் பாராட்டும் பழக்கம் தமிழில் பரவலானது 1977-இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகுதான். (பாரதிராஜா 1983-இல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார்; அது தேனிச் சீமைக் கதை.) ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து வெயிலிலும் புழுதியிலும் கேமராவை வைத்ததுதான் அந்தப் பாராட்டின் அடிப்படை. 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ அதற்கு நேர் எதிரான உலகத்துப் படம். பூசிய சுவர், கட்டிய மண்டபம், வண்ணம் கொழிக்கும் பட்டு, நாடக மேடையிலிருந்து நேராக இறங்கிவந்த வசனம் ஆகியவற்றால் ஆனது அது. பின்னால் வந்த அளவுகோலை எடுத்து முன்னால் வந்த படத்தின் மீது வைத்து, அது தேறிவிட்டது என்று நாம் சொல்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்த அளவுகோலைக் கொடுத்த ‘16 வயதினிலே’கூடக் கர்நாடகத்து மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுக்கப்பட்டது. திரையில் தெரிகிற மண் எந்த மாவட்டத்து மண் என்று பார்த்துப் படத்தை எடைபோட்டால் பாரதிராஜாவின் முதல் படத்தையே கன்னடர்களிடம் ஒப்படைக்க வேண்டிவரும்.

இவையெல்லாம் தயாரிப்பு விவரங்கள், படத்துக்குள் இருக்கும் உலகம் தஞ்சாவூர்தானே என்று ஒருவர் கேட்கலாம். அங்கேதான் மண் வாதம் முழுதாகச் சரிகிறது. காவிரிப் படுகை என்றால் முதலில் நெல். ஜூன் மாதம் மேட்டூர் திறப்பார்களா, கல்லணைக்குத் தண்ணீர் எப்போது வரும், குறுவை தப்புமா, சம்பா நடவுக்கு ஆள் கிடைக்குமா என்ற கணக்கில்தான் இங்கே ஆண்டு நகர்கிறது. கோயிலுக்கும் மடத்துக்கும் எழுதிவைத்த நிலத்தின் நெல்தான் மேளக்காரருக்கும் ஓதுவாருக்கும் படியாக அளக்கப்பட்டது. அந்த உபரி இல்லாமல் தோடியும் இல்லை, தில்லானாவும் இல்லை. அந்த நெல்லை விளைவித்தவர்கள் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் இல்லை. சிங்கபுரம் மைனர் பணத்தை வாரியிறைக்கிறார். அது எந்தக் களத்தில் தூற்றிய நெல்லிலிருந்து வந்தது என்று படம் கேட்பதில்லை. படம் வெளியானது 1968 ஜூலை 27. அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு, சிக்கலும் திருவாரூரும் இருக்கிற அதே கீழத்தஞ்சை வட்டாரத்தில், கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தலித்துகள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு வெளியேற மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம். வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இப்படத்துக்கும் அந்த நெருப்புக்கும் நடுவில் ஐந்து மாதம்தான். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்குக் கிடைத்தது, தகுதியான விருதுதான். ஆனால் அந்த ஆண்டின் தஞ்சை மண்ணை இப்படம் காட்டுகிறது என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும்.

உடனே ஒரு ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. நாகஸ்வரக்காரனுக்கும் நாட்டியக்காரிக்கும் நடக்கிற காதல் கதையில் கூலிப் போராட்டத்தை ஏன் தேட வேண்டும்? சுப்பு எழுதியது அது இல்லையே, நாகராஜன் எடுக்க நினைத்ததும் அது இல்லையே. சரி, நானும் தேடவில்லை. ஒரு படம் தான் எடுத்துக்கொண்ட விஷயத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், எடுத்துக்கொள்ளாததற்கு இல்லை. தேடவைத்தவர் ‘இது எங்கள் மண்ணின் படம்’ என்று சொன்னவர்தான். அவர் அந்த உரிமையைக் கைவிட்டால் நானும் கேள்வியைக் கைவிடுகிறேன். கைவிட மாட்டார் என்றால், மண்ணைத் தேடிப்போன படங்கள் இருக்கின்றன, அவற்றை அவர் ஏன் சொல்வதில்லை என்று கேட்கத்தான் வேண்டும். தி. ஜானகிராமன் எழுதி எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் மேடையேற்றிய ‘நாலு வேலி நிலம்’ 1959-இல் படமாக வந்தது. தலைப்பிலேயே தஞ்சாவூர் நில அளவை இருக்கிறது. ஒரு வேலி இருபது மா, ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். கீழ்வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ எடுத்தார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. பாரதி கிருஷ்ணகுமார் அந்தச் சம்பவத்தைப் பற்றி ‘ராமையாவின் குடிசை’ என்ற ஆவணப்படம் எடுத்தார். மண்தான் அளவுகோல் என்றால் பட்டியலில் முதலில் இவைதான் நிற்க வேண்டும். மண் கட்சியார் வாயில் இவற்றின் பெயர் வருவதில்லை. ஆக, அவர்கள் மண் என்று சொல்வது எல்லா மண்ணையும் அல்ல. கோபுரம், குளக்கரை, கச்சேரி, வெற்றிலைச் செல்லம் இவை இருக்கும் தெருவோடு அந்த மண் நின்றுவிடுகிறது. வயலுக்கும் சேரிக்கும் போகும் வரப்பில் அது இறங்குவதில்லை. படத்தில் தவில் கேட்கிறது, பறை கேட்கவில்லை. அதைக் கவனிக்காத காதைத்தான் நாம் மண்வாசனை அறிந்த மூக்கு என்று பாராட்டிக்கொள்கிறோம்.

அப்படியானால் இந்தப் படத்தை ஏன் நண்பர்களுக்குக் காட்ட வேண்டும்? கலை ஒரு தொழில் என்பதை, அதைச் செய்கிறவர் ஒரு தொழிலாளி என்பதை, இந்திய சினிமாவில் இவ்வளவு சிரிப்போடும் இவ்வளவு நுணுக்கத்தோடும் சொன்ன படங்கள் மிகக் குறைவு. பெரிய மேளத்துக்கும் சின்ன மேளத்துக்கும், அதாவது நாகஸ்வரக் கோஷ்டிக்கும் நாட்டியக் கோஷ்டிக்கும், இருந்த பழைய தொழில் போட்டிதான் கதையின் எலும்பு. காதல் அதன் மேல் போர்த்திய தசை. சண்முகசுந்தரம் தனியாள் இல்லை. கூடவே தம்பி தங்கரத்தினம் இருக்கிறான், தவில்காரர் முத்துராக்கு இருக்கிறார், ஒத்தும் தாளமுமாகப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. தலைவனுக்குக் கோபம் வந்து கச்சேரியை விட்டு எழுந்தால் அத்தனை பேர் சாப்பாடும் எழுந்துவிடும். வாணவேடிக்கைச் சத்தத்தில் வாசிப்பு குலைந்ததும் அவன் கோபித்து எழுகிற இடத்தை நாம் கலைஞனின் மானம் என்று பார்க்கிறோம். கூட இருப்பவர்களின் முகங்களைப் பார்த்தால், அந்த மானத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்றும் தெரியும். பாலையாவின் நகைச்சுவை முழுக்க இந்த இடத்திலிருந்துதான் ஊறுகிறது. தலைவனின் வித்வத்தைப் பணிந்து, அவன் முன்கோபத்தைச் சமாளித்து, நடுவில் தன் வயிற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டிய பக்கவாத்தியக்காரரின் பிழைப்பு அது. ரயில் பெட்டியில் இரண்டு கோஷ்டிகளும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காட்சியைக் காதல் காட்சியாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது வேலைக்குப் போகிறவர்களின் பயணமும்தான். மூட்டையும் வாத்தியமும் உறவும் பகையும் ஒரே பெட்டியில் அடைபட்டிருக்கின்றன.

இதை மற்ற படங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும். சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ (1958) இசைக்கும் ஜமீனுக்கும் உள்ள உறவைப் பற்றிய மகத்தான படம். ஆனால் அது கச்சேரி கேட்கிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த படம். பேகம் அக்தரும் பிஸ்மில்லா கானும் அதில் வந்து பாடி, வாசித்துப் போகிறார்கள், அவர்கள் அன்றிரவு எங்கே தங்கினார்கள் என்று அந்தப் படத்துக்குக் கவலை இல்லை. கே. விஸ்வநாத்தின் ‘சங்கராபரணம்’ (1980) வித்வானைக் கூலிக்கும் பேரத்துக்கும் மேலே தூக்கிக் கோயிலாக்கிவிடுகிறது. அதில் தாசி குலத்தில் பிறந்த துளசி வாய் திறக்காத பக்தை. ‘தில்லானா மோகனாம்பாள்’ மட்டும்தான் ஜமீனையும் மைனரையும் மகாராஜாவையும் மேளக்காரர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறது. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் ஒரு தரகர் தேவைப்படுகிறார் என்பது தெரிகிறது. நாகேஷின் வைத்தி அந்தத் தரகர். தமிழ் சினிமா உருவாக்கிய வில்லன்களில் இவரைவிட உண்மையானவர் குறைவு. கத்தியோ அடியாளோ இல்லாமல், வெற்றிலையும் சிரிப்பும் ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்ற குழைவுமாக ஒரு பெண்ணை விலைபேசிக் கொடுக்கிறார்.

மோகனாவின் பக்கம் வந்தால் படம் இன்னும் கனம் கூடுகிறது. தாய் வடிவாம்பாளுக்கு மகளின் ஆட்டம் கலை இல்லை, முதலீடு. பணக்காரர் ஒருவரிடம் சேர்த்துவிட்டால்தான் அது பலன் தரும். இது கற்பனைத் தாய் அல்ல. மாயவரத்துக்குப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த உலகத்துக்குள்ளிருந்தே வெளியே வந்து, 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலில் தாய், தரகர், மைனர் என்ற இதே முக்கோணத்தைக் கடுங்கோபத்தோடு எழுதினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பழக்கத்தின் நிழல் ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்பதைப் படம் காட்டுகிறது. மோகனா அந்த வலையை விட்டு வெளியே வரக் கண்ணீரை மட்டும் நம்பவில்லை, தொழிலையே நம்புகிறாள். காதலிக்கிற ஆளோடு பொதுச் சபையில் போட்டி போட்டு, தன் ஆட்டத்துக்கு மரியாதையை வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்துவைக்கிறாள். குறைகளும் உண்டு, அவற்றை மறைத்து நண்பர்களுக்குக் கொடுப்பது நாணயமில்லை. சண்முகசுந்தரத்தின் சந்தேக புத்தியைப் படம் வீரமாக்கிப் பார்க்கிறது. மதன்பூர் மகாராஜா பகுதி இழுவை. பெரிய மனிதர்களின் மனைவிமார் நல்லவர்களாக இருப்பதால் பிரச்சினைகள் தீர்கின்றன, பெரிய மனிதர்களின் அதிகாரம் அப்படியே இருக்கிறது. கடைசியில் எல்லாமே கல்யாணத்தில் கரைகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் படம் நிற்கிறதென்றால் அது மேலே சொன்ன காரணங்களால் நிற்கிறது. அந்தக் காரணங்களில் ஒன்றுகூட, ‘நம்ம ஊர்’ என்ற சொல்லுக்குள் அடங்காது.

இனி இரண்டாவது தவறு: ரசனைக்குக் காரணம் கேட்கக்கூடாது என்பது. பிடித்தது பிடித்துவிட்டது, அதைப் போய் நோண்டுவானேன் என்கிறார்கள். தனக்குத்தானே பார்த்து மகிழ்கிற படத்துக்கு இது பொருந்தும்; அங்கே யாரும் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு படத்தை எடுத்து நண்பர் முன் வைத்து, உன் வாழ்க்கையிலிருந்து மூன்று மணி நேரம் கொடு என்று சொன்ன மறுகணமே அது வெறும் விருப்பமாக இருப்பதை நிறுத்திக்கொண்டு வாதமாகிவிடுகிறது. நெல் வாங்க வருகிறவர் எந்த ஊர் நெல் என்று கேட்டுவிட்டு அத்தோடு விலை போடுவதில்லை, ஒரு கை அள்ளிப் பார்த்து, ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்க்கிறார். நண்பருக்கும் அந்த உரிமை உண்டு. தவிர, ரசனையில் வாதமில்லை என்ற கொள்கை இந்த ஊருக்கே அந்நியமானது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு ஈடு உண்டா இல்லையா என்று விடிய விடிய மல்லுக்கட்டிய ரசிகர்களின் சீமை இது. எந்தச் சங்கதி விழவில்லை, எங்கே காலப்பிரமாணம் ஓடியது, நிரவலில் யார் கோட்டைவிட்டார்கள் என்று திண்ணையில் பஞ்சாயத்து வைத்தவர்கள், ‘உனக்கு உன் ரசனை, எனக்கு என் ரசனை’ என்று எழுந்துபோயிருந்தால் இங்கே சங்கீதம் இந்த உயரத்துக்கு வந்திருக்காது. கச்சேரிக்கு இருந்த அந்தக் கறார் சினிமாவுக்கு மட்டும் ஏன் வேண்டாமாம்?

வாழ்நாள் படம் என்பது மாறாதது, அதனால்தான் விவாதிக்க முடியாதது என்றும் சிலர் சொல்கிறார்கள். லண்டனிலிருந்து வரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் இதே கேள்வியைக் கேட்கிறது. முதல் முறை முன்னால் நின்றது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. 1962-இலிருந்து 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அசையாமல் இருந்தது. 2012-இல் ‘வெர்டிகோ’ அதை இறக்கியது. 2022-இல் ஷாந்தால் அகெர்மானின் ‘ஷான் டீல்மான்’, ஒரு பெண் சமையலறையில் செய்கிற அன்றாட வேலைகளைப் பற்றிய படம், முதலிடத்துக்கு வந்தது. பழைய படங்கள் இதற்குள் மோசமாகிவிடவில்லை. புதிய ஆட்கள் புதிய காரணங்களோடு உள்ளே வந்தார்கள், காரணங்கள் மோதின, இடங்கள் மாறின. எல்லாக் காலத்துக்குமான படம் என்ற பட்டம்கூட வாதாடித்தான் பெறப்படுகிறது, வாதாடித்தான் இழக்கப்படுகிறது.

கடைசியாக ஒரு நடைமுறை ஆட்சேபம். வெளியூர் நண்பருக்கு நம் ஊரை அறிமுகம் செய்ய ஒரு படம் வேண்டாமா, அதற்கு மண் பார்த்துத்தானே எடுக்க முடியும் என்பார்கள். அறிமுகம் வேண்டுமென்றால் பேருந்து ஏறி வரச் சொல்லலாம். படத்தைச் சுற்றுலாக் கையேடாக்கினால் படமும் கெடும், ஊரும் புரியாது. 2024-இல் வந்த ‘மெய்யழகன்’ இதற்கு நல்ல சோதனை. வீட்டை இழந்து 1996-இல் தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவன், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நீடாமங்கலம் கல்யாணத்துக்கு ஓர் இரவு வந்து, தனக்குப் பெயர்கூட நினைவில்லாத உறவுக்காரனின் அன்பில் திணறுகிற கதை. இதை இயக்கிய பிரேம்குமாரின் ‘96’ படத்திலும் தஞ்சாவூர் உண்டு. ஆனால் ‘மெய்யழகன்’ அளவுக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் உரிமை கொண்டாடிய படம் அண்மையில் இல்லை. அந்த உரிமைக் குரல் படத்துக்கு என்ன உதவி செய்தது? வெளிவந்த சில நாட்களிலேயே நீளம் என்ற புகாருக்குப் பணிந்து பதினெட்டு நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். ‘எங்க ஊர்ப் படம்’ என்று மார்தட்டிய நேரத்தில், அந்த இரவுப் பேச்சு ஏன் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், நன்றிக்கடன் என்பது ஏன் ஒரே மூச்சில் சொல்லித் தீராது என்று யாராவது உரக்க வாதாடியிருந்தால் பயன் இருந்திருக்கும். படம் தெலுங்கில் ‘சத்யம் சுந்தரம்’ என்று போய், நீடாமங்கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களையும் அழவைத்தது. அவர்களை அழவைத்தது எங்கள் மண் இல்லை. ஒருவன் அன்பை வாங்கிக்கொள்ளத் தெரியாமல் தவிக்கிற தவிப்பு.

ஆகவே என் தீர்ப்பு இது: ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைத் தாராளமாகப் பரிந்துரையுங்கள், பரிந்துரைக்கும்போது ஊர்ப்பெயரை எடுக்காமல் மூன்று வாக்கியம் பேசுங்கள். தவில்காரர் முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். வைத்தி உள்ளே நுழைகிற ஒவ்வொரு முறையும் யார் யாரை விற்கப்போகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ‘நலந்தானா’ பாட்டில் ஒரு வாத்தியக்காரனின் காயப்பட்ட உடம்பை ஒரு நாட்டியக்காரி, தன் தொழிலின் பாஷையிலேயே, சபை நடுவில் நலம் விசாரிக்கிறாள் என்பதைச் சொல்லுங்கள். நண்பர் ஒப்புக்கொள்ளாவிட்டால் சண்டை போடுங்கள், படம் தாங்கும். அதன் பிறகும் அவர் உங்கள் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், ‘ராமையாவின் குடிசை’யையும் சேர்த்து அனுப்புங்கள்.